அந்த மார்கழியின் தோல்முட்டைகள்

மார்கழியில் கோழி முட்டையிடாது என்று நீங்களும் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். நம் வயதுக்காரர்கள் வீடு எல்லாவற்றிலும் அப்படித்தான் பேச்சு. பனி என்பார்கள், வாடைக் காற்று என்பார்கள், அதற்கும் ஓய்வு வேண்டாமா என்பார்கள். யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் கேட்க வேண்டி வந்தது, ஏனென்றால் அந்த வருஷம் முட்டையோடு ஒரு பெண்ணின் நல்ல பேரும் காணாமல் போனது.

எங்கள் வீடு பாகூர் ஏரிப் பாசனத்தில், கழனியை ஒட்டி இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலம். எங்கள் கொல்லையைத் தாண்டி இரண்டு வரப்பு நடந்தால் இங்கிலீஷ்காரன் எல்லை வந்துவிடும். எல்லை என்றால் கல்லோ கம்பியோ கிடையாது. ஒரு வாய்க்கால், அதன் கரையில் கொஞ்சம் காட்டாமணக்கு. மாடுகளும் கோழிகளும் இரண்டு ராஜ்யத்திலும் மேய்ந்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பும்.

அந்த ஐப்பசி மழையோடு நைனாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். காய்ச்சல் விட்ட பிறகும் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. ஏர் பிடித்த கை, ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்கும்போது நடுங்கியது. கொம்யூன் என்கிற எங்கள் வட்டார ஆஸ்பத்திரியின் டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், இனி மருந்தைவிட ஆகாரம்தான் முக்கியம், தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்றார். அவர் பிரெஞ்சு படித்தவர். தமிழைத் தயங்கித் தயங்கிப் பேசுவார். அதனாலேயே அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அம்மாவுக்கு எடை கூடித் தெரிந்தது. அன்று முதல் முட்டை என்பது எங்கள் வீட்டில் பண்டமாக இல்லை, வைத்தியமாகிவிட்டது.

பெட்டைக் கோழிகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். செவலை, கழுத்தில் இறகே இல்லாத கறுப்பி, புள்ளி போட்டவை இரண்டு, அந்த வருஷம்தான் முட்டையிடத் தொடங்கிய ஒரு குட்டிப் பெட்டை. கூடவே ஒரு கிழச் சேவல். கார்த்திகை வரை அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் கழனிக்காரர் வந்து, உங்கள் கோழிகள் என் நெற்கதிரைக் கொத்துகின்றன, இனி வந்தால் கழுத்தைத் திருகிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இங்கிலீஷ்காரன் குடி. கோழியைத் திருகினால் நாம் எந்த ஊர்ப் போலீஸ் கச்சேரியில் போய்ச் சொல்வது என்று நைனா படுத்தபடியே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கே கோழிகளைப் பிடித்து மாட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் பனைமட்டையால் தடுப்புக் கட்டி அடைத்துவிட்டாள். வேளைக்குத் தவிடும் நொய்யும் வைத்தாள். முட்டை வைத்தியத்துக்கு வேண்டும், கோழி பத்திரமாக இருந்தால் முட்டையும் பத்திரம் என்பது அவள் கணக்கு. மழை ஈரத்தில் அந்த மூலை புளித்த தவிடும் நனைந்த இறகுமாக நாறும். இன்றைக்கும் எங்காவது அந்த நாற்றம் அடித்தால் எனக்கு அந்த வருஷம்தான் ஞாபகம் வரும்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஆவணியில்தான். மணப்பட்டுப் பக்கம், கடல் காற்று அடிக்கிற ஊர். அவளுக்குப் பதினேழு வயது இருக்கும். அண்ணன் புதுச்சேரியில் பஞ்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். மீதி நாளெல்லாம் அவளுக்குப் பேச்சுத்துணை ஒன்பது வயதுக்காரி நான்தான். என்னைப் பாப்பா என்பாள். நடக்கும்போது கொலுசு சத்தம் கேட்காமல் நடப்பாள். வந்த வீட்டில் சத்தம் போடக்கூடாது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அதுவே அவளுக்கு வினையாகிவிட்டது. சத்தமில்லாமல் நடக்கிறவளை யாரும் எளிதில் நம்புவதில்லை.

கோழிகளை அடைத்துக் கொஞ்ச நாளில் முட்டை குறைந்தது. குறைந்தால்கூடப் பரவாயில்லை, பனிக்காலம் என்று விட்டிருப்பார்கள். விஷயம் என்னவென்றால் கோழி கேறும். முட்டையிட்ட கோழி ஊரைக் கூட்டுமே, அந்தக் கேறல். அம்மா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்ப்பாள். வைக்கோல் வெதுவெதுப்பாக இருக்கும், முட்டை இருக்காது. பாம்பு என்று பார்த்தாள், கீரி என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி கண்ணேறு என்றாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் வைக்கோற்போருக்குப் பின்னால் அண்ணி நின்று எதையோ மென்றுகொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டாள். அம்மாவைக் கண்டதும் அண்ணி கையை முந்தானையில் மறைத்தாள், வாயைத் துடைத்தாள்.

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். தடுப்புக்கு ஒரு கதவு வைத்துக் கயிற்றால் கட்டினாள். கட்டிய விதத்திலேயே அது கோழிக்கான கட்டு இல்லை என்று தெரிந்தது. என்னைக் கூப்பிட்டாள்.

"இங்கயே குந்திக்கினு இரு. யாரு வர்றா, யாரு போறான்னு பாத்து எங்கிட்ட மட்டும் சொல்லு. நைனாவுக்குக்கூடச் சொல்லாத."

"யாரும்மா வருவாங்க?"

"பாத்தா தெரியும்."

அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வேலை கொடுத்தார்கள் என்ற பெருமைதான் இருந்தது. இப்போது அந்த அம்மாவை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. அவள் வயது அப்போது என் பேத்தியின் இன்றைய வயதுகூட இருக்காது. உள்ளே ஒருவர் எழுந்திருப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் படுத்திருந்தார். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவளால் பனியோடு சண்டை போட முடியாது, காய்ச்சலோடு முடியாது. கைக்கு எட்டியது மருமகள்தான்.

காவல் உட்கார்ந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ நான் பார்த்தேன். செவலை மூலையில் உட்கார்ந்து உடம்பை உப்பிக்கொண்டு எழுந்தது. அதன் அடியில் ஒன்று விழுந்தது. முட்டைதான். ஆனால் ஓடு இல்லை. நனைந்த துணிக்குள் தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டால் எப்படியோ அப்படி, வெளுத்த தோலுக்குள் மஞ்சள் அசைந்தது. நான் கதவை அவிழ்ப்பதற்குள் கறுப்பி வந்து ஒரு கொத்துக் கொத்தியது. மற்றவையும் பாய்ந்தன. மஞ்சள் ஒழுகிய வைக்கோலைக்கூட விடவில்லை. எல்லாம் தின்று முடித்த பிறகு செவலை தலையைத் தூக்கி ஒன்றும் நடக்காதது போலக் கேறியது. நல்ல ஓட்டோடு போடுகிறவற்றின் முட்டையையும் அவை இப்படியே ருசி கண்டு உடைத்துத் தின்றிருக்கின்றன.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ஓடு இல்லாம முட்டையா? இத உங்க அண்ணி சொல்லச் சொல்லுச்சா?"

இல்லை என்றேன், சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. நான் அண்ணி பின்னாலேயே சுற்றுகிறவள் என்பது அவளுக்குத் தெரியும். பார்த்ததைச் சொன்னால் நம்புவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அழுதுகொண்டே அண்ணியிடம் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் முட்டையைப் பற்றிச் சொல்ல, கதவைப் பற்றியும் காவலைப் பற்றியும் சேர்ந்தே வெளியே வந்துவிட்டது. முறம் நின்றது.

"அதுக்குத்தான் கதவக் கட்டினாங்களா" என்று மட்டும் கேட்டாள். பிறகு மறுபடி புடைத்தாள். கல்லும் அரிசியும் சேர்ந்தே கீழே விழுந்தன.

அண்ணனிடம் சொல்லப் போகிறாள், தாய்வீட்டுக்கு ஆள் அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் செய்யவில்லை. மறுநாள் காலை என்னோடு கொட்டகைக்கு வந்து கோழிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் வாயால சொல்லி இன்னா ஆவப்போவுது, பாப்பா. முட்டை கெடச்சாத்தான் என் பேரு நேராவும்."

அவளுக்குக் கோழி வளர்ப்பு பெரிதாகத் தெரியாது. அவள் வீட்டுக் கோழிகளின் முட்டையை உடைக்க இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்று மட்டும் ஞாபகம் இருந்தது. அங்கே அவை நாளெல்லாம் கழிமுகத்து ஓரத்தில் அலைந்து கிளிஞ்சலையும் நண்டுக் குஞ்சையும் புழுவையும் தாமே தேடித் தின்னும். இங்கே நாம் வைப்பதுதான் சாப்பாடு, வைப்பதெல்லாம் தவிடு. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சத்தான தீனி என்றால் மாட்டுக்கு வைக்கிற கடலைப் பிண்ணாக்கு என்று நினைத்து, அதை ஊறவைத்துத் தவிட்டில் தாராளமாகப் பிசைந்து வைத்தாள். கோழிகள் அள்ளி அள்ளித் தின்றன. எங்களுக்குச் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கழிச்சல் கண்டது. குட்டிப் பெட்டை இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது, மறுநாள் செத்துக் கிடந்தது. அம்மா வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நாங்கள் இருவரும் ஒட்டிக்கொண்டு நின்றோம். அவள் திட்டவில்லை. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"மிச்சத்த கரிநாளுக்கு அறுத்துடலாம். நைனாவுக்கு அந்தச் சாறாவது கெடைக்கும்."

கரிநாள் என்றால் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள், வீட்டில் கறி சமைக்கிற நாள். அதற்கு அதிக நாள் இல்லை.

அன்று மத்தியானம் கொட்டகைப் பக்கம் வெயில் எட்டிப்பார்த்தது. கோழிகளைச் சற்று வெளியே விட்டிருந்தோம். கறுப்பி நேராக வீட்டின் பின்சுவருக்குப் போய், உரிந்து தொங்கிய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியது. கீழே தூவிக்கிடந்த கம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. செவலையும் போய்ச் சேர்ந்துகொண்டது. டொக் டொக்கென்று சுவர் அதிர்ந்தது. நான் விரட்டப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்கும் அப்பிடித்தான் கீது" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"அடுப்பு மண்ணப் பாத்தா வாய் ஊறுது, பாப்பா. பேத்துத் தின்றேன். அன்னிக்கு வைக்கோல்போர் பின்னால அத்தை பாத்தப்பவும் அதான். வெக்கமாத்தான் இருக்குது, ஆனா நிறுத்த முடியல. உள்ள எதோ கேக்குது. அதுங்களுக்கும் எதோ கேக்குது போல. நாம இதக் குடு அதக் குடுன்னு கண்டமேனிக்குக் கலக்காம, அதுங்ககிட்டயே கேட்டுப் பாக்கலாமா?"

கோழியிடம் எப்படிக் கேட்பது? உடைந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி வந்து வரிசையாகத் தரையில் பதித்தோம். ஒன்றில் தவிடு, ஒன்றில் கம்பு, ஒன்றில் கொஞ்சமே கொஞ்சம் பிண்ணாக்கு. மீன்காரி கூடையில் அடியில் தங்கியிருந்த சென்னாக்குனி என்கிற பொடி இறால் கருவாட்டுத் தூளைக் கெஞ்சி வாங்கி ஒன்றில் போட்டோம். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டோம். ஏரி வாய்க்காலில் தண்ணீர் வடிந்த இடத்தில் நத்தை ஓடுகள் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அவற்றை மடியில் கட்டி வந்து கல்லால் நுணுக்கினோம். பழைய பானைக்குள் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து ஈரமண்ணில் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் கறையான் மொய்த்துவிடும் என்பது எனக்கே தெரியும், எல்லா வீட்டிலும் குஞ்சுகளுக்குச் செய்வதுதான். பெரிய கோழிக்கு எதற்கு அது என்று யாரும் வைப்பதில்லை. நாங்கள் வைத்தோம்.

அன்று சாயங்காலம் நாங்கள் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. நத்தை ஓட்டுச் சிரட்டையைச் சுற்றி நான்கு பெட்டைகளும் முட்டி மோதின. கிழச் சேவல் வந்து ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுத் தனக்கு வேண்டாம் என்று போய்விட்டது. முட்டையிடாதவனுக்கு அது எதற்கு?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். அம்மா நைனாவுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். கோழிகள் ஓட்டைத் தின்றதை, சேவல் தின்னாததை, கறுப்பி சுவரைக் கொத்தியதை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணிக்கும் அப்படித்தானாம், அடுப்பு மண்ணைத் தின்னுதாம், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தது என்றேன்.

அம்மாவின் கை நின்றுவிட்டது.

"இன்னா தின்னுதாம்?"

"மண்ணு. அன்னிக்கு வைக்கோல்போர்கிட்ட தின்னதும் அதான்."

கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அம்மா அதை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, என்னை வெளியே போகச் சொன்னாள். நான் கதவோரம் நின்றேன். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது. அண்ணி என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. பிள்ளை உண்டாகியிருப்பது அண்ணிக்கே தெரியவில்லை. எடுத்துச் சொல்ல அவள் பக்கத்தில் யாரும் இல்லை. இருந்த ஒருத்தி கதவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் அம்மா கொட்டகைக்குப் போய்த் தடுப்புக்கு வெளியே நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். வெளியே பனி மூடி ஏரிக்கரை தெரியவில்லை. செவலை உட்கார்ந்து எழுந்தது. மற்றவை வருவதற்குள் அம்மா கையை நீட்டி அதை ஏந்திவிட்டாள். ஓடில்லாத முட்டை அவள் உள்ளங்கையில் நடுங்கியது. அதைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு கதவுக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி மாட்டுத்தொட்டி மேல் வைத்தாள். அன்றைக்கு அவள் கழனிக்குப் போகவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, நடுங்குகிற குளிரில் நத்தை ஓடு பொறுக்கினாள்.

அதற்குப் பிறகு கோழி பார்ப்பது மூன்று பேர் வேலையாகிவிட்டது. காலையில் குளிருக்கு இதமாக வெந்நீர் ஊற்றிப் பிசைந்த தவிடு. வெயில் ஏறினதும் கீரையும் கறையானும். கம்பு பொழுது சாயும்போது, வயிறு நிறைந்தால் இரவுக் குளிரைத் தாங்கும் என்று. பிண்ணாக்கு ஒரு சிட்டிகை. ஓட்டுத் தூள் எந்நேரமும் ஒரு சிரட்டையில் இருக்கும். அடையப் போகும் முன் அதைத்தான் அவை தேடின, ஏனென்று எங்களுக்குத் தெரியாது. அம்மா தடுப்பைப் பிரித்து, காலை வெயில் விழுகிற கிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டினாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கழனியில் அறுப்பு முடிந்ததும் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் திறந்தும் விட்டாள்.

முதலில் தோல் கொஞ்சம் தடித்தது. பிறகு அழுத்தினால் பள்ளம் விழுகிற ஓடு. ஒரு நாள் காலை, மார்கழிப் பனி இன்னும் விலகாத நேரத்தில், வைக்கோலில் செம்மண் நிறத்தில் ஒன்று முழுசாகக் கிடந்தது. கறுப்பி அதைக் கொத்திப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தது. அண்ணி அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடாக இருந்தது. கரிநாளைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

நைனா அந்த முட்டைகளைத் தின்றார். முட்டையால்தான் தேறினார் என்று நான் சொல்லமாட்டேன், காலமும் சேர்ந்துதான் தேற்றியிருக்கும். பொங்கல் நெருங்கும்போது சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை வந்தார். தலைப்பொங்கல் சீர் கொண்டுவந்த சம்மந்தி வண்டியை அவர் எழுந்து நின்றே வரவேற்றார்.

அண்ணியின் அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப் பானையும் இறங்கின. அண்ணனும் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். சேதி தெரிந்து எல்லோருக்கும் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது. அண்ணியின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தை என்னைத் தான் பெற்ற பெண்ணைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மகள் சொன்னதாகச் சொல்லி நன்றி சொன்னார். அண்ணி ஒன்றையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அம்மா கையை விடுவித்துக்கொண்டாள்.

"அது அப்பிடித்தான் சொல்லும், சம்மந்தி. நெசம் அது இல்ல. நான் உங்க பொண்ண முட்டை திருடுதுன்னு நெனச்சேன். கதவக் கட்டி வெச்சேன். எம் பொண்ணையே காவலுக்குக் குந்த வெச்சேன். அது மசக்கையில மண்ணத் தின்னுக்கினு கெடந்திருக்குது. எனக்குத் தெரியல."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நைனாவுக்கும் அப்போதுதான் முதல் தடவையாகத் தெரிந்தது. அவர் அம்மாவையே பார்த்தார். ஒளித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நன்றியை வாங்கிக்கொள்ள முடியாமல்தான் அவள் சொன்னாள் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அண்ணியின் அப்பா மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வண்டியைப் பூட்டச் சொல்வார் என்று பயந்தேன். அண்ணியின் அம்மா மட்டும் மகளை ஒரு மாதிரி பார்த்தார்.

"முட்டையா?" என்றார். "அது எங்க வூட்டுல முட்டையத் தொடவே தொடாதுங்க. நாத்தம்னு மூக்கப் பிடிச்சிக்கினு ஓடிப்போயிடும்."

முதலில் சிரித்தது நைனாதான். காய்ச்சலுக்குப் பின் அடி வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. அப்புறம் அண்ணியின் அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று கடைசிவரை அவள் எங்களுக்குச் சொன்னதில்லை.

மறுநாள் காலை அம்மா இரண்டு முட்டை அவித்தாள். ஒன்றை நைனாவிடம் கொடுத்தாள். இன்னொன்றை உரித்து, உப்பும் மிளகும் தூவி, அண்ணியின் முன்னால் வைத்தாள்.

"வேணாம் அத்தை."

"உள்ள இருக்கற புள்ளைக்கு வேணும். தின்னு."

அண்ணி ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் கோக்க, அரைவாசியைக் கடித்து விழுங்கினாள். அம்மா தண்ணீர்ச் சொம்போடு பக்கத்திலேயே நின்று, மீதி அரையும் உள்ளே போகிற வரைக்கும் நகரவில்லை.